தோள் காச்சுப்போச்சுன்னு விட்ட கட்டி: டிஎஃப்எஸ்பி ஆபரேஷன் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

அக்கா வீட்டுக்காரருக்கு டிஎஃப்எஸ்பிங்கிற இந்த அபூர்வமான தோல் கேன்சர் வந்து ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து எனக்கு வாரத்துக்கு ரெண்டு போனாவது வருது. களக்காட்டுல இருந்து, ஏர்வாடில இருந்து, ஒருதடவை திசையன்விளைல இருந்து யாருன்னே தெரியாத ஒரு அண்ணாச்சி கூட பேசினாரு, எல்லாருக்கும் ஒரே கேள்விதான், எந்த ஆபரேஷன் நல்லது, எங்க போகணும். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிப் போடுதேன். நான் டாக்டர் இல்ல, பாளையங்கோட்டைல ஒரு லேப்ல டெக்னீசியன், ஆஸ்பத்திரில வெட்டி எடுத்த சதையை மெழுகுல புதைச்சு, மெஷின்ல சீவி, கண்ணாடில ஒட்டி டாக்டர் கையில கொடுக்கிறது என் ஜோலி. கத்தி புடிக்கிறதப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, வெட்டினதுக்குப் பிறவு நடக்கிறது தெரியும், இந்த நோய்ல பாதி சங்கதி அங்கனதான் கெடக்கு.

இது என்ன கேன்சர், பேரே வாயில நுழையலையே?

டெர்மடோஃபைப்ரோசார்கோமா புரோட்டுபரன்ஸ். எங்க லேப்லயே யாரும் முழுசாச் சொல்ல மாட்டோம், டிஎஃப்எஸ்பி தான். 1924-ல டாரியர், ஃபெராண்ட்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க இதை விவரிச்சு எழுதினாங்க, இந்த நீளப் பேரு அடுத்த வருஷம் ஒட்டிக்கிட்டு. பத்து லட்சம் பேருல வருஷத்துக்கு ஒருத்தருல இருந்து அஞ்சு பேரு வரைக்கும்தான் வரும், அதனால நிறைய டாக்டருங்க சர்வீஸ் பூரா ஒண்ணோ ரெண்டோதான் பாத்திருப்பாங்க. பெரும்பாலும் 20-ல இருந்து 50 வயசுக்குள்ள, நெஞ்சு, முதுகு, தோள், தொடை, சில பேருக்கு தலையில கழுத்துல. ரொம்பப் பைய வளரும், வருஷக்கணக்கா.

நல்ல சேதி என்னன்னா, நுரையீரல் மாதிரி வேற எடத்துக்குப் போறது நூத்துல அஞ்சு பேருக்கும் கம்மி. கெட்ட சேதி, எடுத்த எடத்துலயே மறுபடி முளைக்கும். வயல்ல கோரை புடுங்கினவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மேல ஒரு தண்டுதான் தெரியும், அதப் புடுங்கிட்டு வரப்புல உக்காந்தா மறுவாரம் நாலு முழம் தள்ளி தலை நீட்டும், ஏன்னா கிழங்கும் வேரும் மண்ணுக்குள்ள ஓடிக் கெடக்கு. இந்தக் கட்டியும் அப்படித்தான், மேல ஒரு குமிழ், உள்ள கொழுப்புக்குள்ள மெல்லிசா விரல் விரலா ஓடும். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது.

கேன்சர்னா வலிக்காதா, புண்ணு ஆகாதா? எப்படி இத்தனை வருஷம் தெரியாம இருந்தீங்க?

இதக் கேக்கும்போது கொஞ்சம் கோவம்தான் வரும், ஆனா நியாயமான கேள்வி. அத்தான் வாழைத்தார் லோடுமேன், 16 வயசுல இருந்து தோள்ல சும்மாடு போட்டு ஏத்தன் தார் ஏத்தி இறக்கினவரு. வலது தோளுக்குப் பின்னால ஒரு தடிப்பு, புளியங்கொட்டை அளவு, கொஞ்சம் செவந்த நெறம். லோடு தூக்குத ஆளு தோள் காச்சுப்போகாம இருக்குமான்னு அவரும் சொன்னாரு, நாங்களும் சொன்னோம். அஞ்சு வருஷத்துல அது எலுமிச்சங்காய் ஆச்சு. வலி கெடையாது, சும்மாடு வைக்கும்போது உறுத்துது, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஒரு கிளினிக்ல காட்டி, கொழுப்புக்கட்டிதான்னு சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு அரைமணி நேரத்துல எடுத்துட்டாங்க. எடுத்த கட்டி குப்பைக்குப் போயிட்டு. நான் லேப்ல வேலை பாக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, அக்கா கேட்டதுக்கு அவன் என்னத்தக் கண்டான்னு பதில். ரெண்டு வருஷத்துல தழும்புக்குப் பக்கத்துலயே ரெண்டு குமிழ் வந்துட்டு, அப்பதான் பயாப்சி எடுத்தாங்க, அந்தச் சதையைப் புதைச்ச மெழுகு பிளாக்கை சீவினது நான்தான். டாக்டர் ஸ்லைடு பாத்துட்டு சிடி34 ஸ்டெயின், அதாவது இந்த நோயோட செல்லைக் காட்டிக்கொடுக்குற சாயம், போடச் சொன்னாங்க, பழுப்பு நெறத்துல பளிச்சுன்னு புடிச்சுது, எனக்கு அன்னைக்கு சாப்பாடு இறங்கல.

சில பேருக்கு இது தடிச்சு வளருற கெலாய்டு தழும்பு மாதிரி இருக்கும், சில பேருக்கு குழியா, தேமல் மாதிரி கூட ஆரம்பிக்கும். அதனால எந்தக் கட்டிய எங்க எடுத்தாலும் அத ஃபார்மலின் டப்பால போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க. செலவு பெருசா ஒண்ணும் ஆகாது.

கத்தி பட்டா கேன்சர் பரவிரும்னு எங்க ஊர்ல சொல்லுதாங்களே, பயாப்சி எடுக்கலாமா?

எடுக்கணும். எடுத்ததால பரவாது. நோய் பேரு தெரியாம பாதி எடுத்து வைக்கிறதுதான் இதுல ஆபத்து. ஒரே ஒரு விஷயம், மேலாக்க ஒரு சிட்டிகை சுரண்டினா போதாது, தோலுக்கு அடியில உள்ள கொழுப்பு வரைக்கும் ஆழமா எடுத்தாதான் எங்களால சொல்ல முடியும். ஊசி குத்தி உறிஞ்சிப் பாக்குறது மட்டும் இதுக்குப் பத்தாது. ஆபரேஷனுக்கு முன்னாடி எம்ஆர்ஐ எழுதுவாங்க, முக்கியமா பெரிய கட்டிக்கும் திரும்ப வந்த கட்டிக்கும், எவ்வளவு ஆழம்னு பாக்க.

சரி, ஆபரேஷன்ல எத்தனை வகை இருக்கு?

மூணுன்னு வச்சுக்கிடுங்க. ஒண்ணு, கட்டிய மட்டும் எடுத்து தைக்கிறது, அத்தானுக்கு முதல்ல நடந்தது, இது இந்த நோய்க்கு வைத்தியமே இல்ல, பழைய கணக்குகள்ல இப்படிச் செஞ்சவங்கள்ல பாதிக்குப் பாதி பேருக்கு திரும்ப வந்திருக்கு.

ரெண்டாவது, அகல வெட்டு, டாக்டருங்க வைடு எக்சிஷன்னு சொல்லுவாங்க. கட்டியோட விளிம்புல இருந்து சுத்திலும் 2-ல இருந்து 4 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேத்து, அடியில தசைக்கு மேல இருக்குற வெள்ளை சவ்வு வரைக்கும் எடுக்கிறது. கேக்க சின்னதா இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்க, 5 சென்டிமீட்டர் கட்டி, சுத்தி 3 சென்டிமீட்டர்னா 11 சென்டிமீட்டர் பள்ளம், ஒரு சின்ன தோசை அளவு. முதுகுல வயித்துல இது முடியும், கன்னத்துல எப்படி முடியும்?

மூணாவது மோஸ். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல ஃபிரெடெரிக் மோஸ்ங்கிற டாக்டர் 1930-கள்ல கண்டுபுடிச்சது. கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, எடுத்த ஓரத்த முழுசா மைக்ரோஸ்கோப்ல பாத்து, எந்தப் பக்கம் மிச்சம் இருக்கோ அந்தப் பக்கம் மட்டும் மறுபடி எடுக்கிறது.

மோஸ்ல அப்படி என்ன விசேஷம்? ரெண்டுலயும் லேபுக்குத்தானே அனுப்புதாங்க?

இதுக்குத்தான் நான் இம்புட்டு எழுதுறதே. அனுப்புறது ஒண்ணுதான், நாங்க வெட்டுற விதம் வேற.

ஒரு இட்லிய எடுத்துக்கிடுங்க. மேல நடுவுல இருக்குறது கட்டி, இட்லித்தட்டுல ஒட்டிக்கிட்டு இருந்த அடிப்பக்கமும் ஓரமும்தான் மார்ஜின், அதாவது உடம்போட சேந்து இருந்த பக்கம். வழக்கமான முறைல நாங்க இட்லிய மேல இருந்து கீழ கத்தியால அஞ்சாறு துண்டா நறுக்குதோம், ஒவ்வொரு துண்டுலயும் ஒரு முகத்துல இருந்து சீவுதோம். மெஷின் சீவுறது நாலஞ்சு மைக்ரான், தலைமுடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்கு கூட வராது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல மூணு நாலு மில்லிமீட்டர். அந்த எடைவெளில ஒரு விரல் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தா எங்க கண்ணுல படவே படாது. இப்படிப் பாக்குறப்போ மொத்த ஓரத்துல நூத்துல ஒரு பங்கு கூட பாத்திருக்க மாட்டோம். இத நான் கொறையாச் சொல்லல, மத்த கட்டிகளுக்குப் பெரும்பாலும் இது போதும். விரல் விட்டு ஓடுற இந்தச் சனியனுக்குத்தான் பத்தாது.

மோஸ்ல இட்லிய நறுக்க மாட்டாங்க. இட்லியோட அடித்தோலையும் ஓரத்தையும் அப்படியே உரிச்சு, தட்டையா விரிச்சு, அந்த முகத்தைச் சீவிப் பாப்பாங்க. ஓரம் முழுசும் கண்ணுக்கு வந்துரும். எந்தப் பக்கம் எதுன்னு மறக்காம இருக்க கலர் மை தடவி, ஒரு பேப்பர்ல வரைஞ்சு வச்சுக்கிடுவாங்க. கடிகாரத்துல மணி சொல்ற மாதிரி மூணு மணிப் பக்கம் மிச்சம் இருக்குன்னா மூணு மணிப் பக்கம் மட்டும் போய் எடுப்பாங்க, ஒன்பது மணிப் பக்கத்து நல்ல தோலைத் தொட மாட்டாங்க.

ஸ்லோ மோஸ்னு ஒண்ணு சொல்லுதாங்களே?

சாதாரண மோஸ்ல சதைய உறைய வச்சு அப்பவே சீவி ஒரு மணி நேரம் போல பாத்துருவாங்க, நோயாளி டிரெஸ்ஸிங்கோட வெளிய உக்காந்திருப்பாரு. ஆனா உறைய வச்ச சதைல இந்த நோயோட செல்லையும் சாதாரண தழும்பு செல்லையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். அதனால எங்க முறைல மெழுகுல புதைச்சு, சிடி34 ஸ்டெயினும் போட்டு, ரெண்டு மூணு நாளோ ஒரு வாரமோ கழிச்சு பதில் சொல்றதுதான் ஸ்லோ மோஸ். அதுவரைக்கும் புண்ணைத் தைக்காம டிரெஸ்ஸிங் போட்டு வைப்பாங்க. இதே முறைய அகல வெட்டோடயும் சேத்துச் செய்யலாம், அதாவது வெட்டுறது அகலமா, பாக்குறது மோஸ் மாதிரி ஓரம் முழுக்க. அத்தானுக்கு அப்படித்தான் செஞ்சாங்க.

நேராச் சொல்லுங்க, எது நல்லது?

திரும்ப வர்ற கணக்குல மோஸ்தான் மேல. பல ஆய்வுகளச் சேத்துப் பாத்தா மோஸ் செஞ்சவங்கள்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கும், அகல வெட்டு செஞ்சவங்கள்ல சுமாரா ஆறுல இருந்து ஒன்பது பேருக்கும் திரும்ப வந்திருக்கு. ஆனா இதக் கண்ண மூடிட்டு எடுத்துக்கிடாதீங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டு பாதிப் பேருக்கு இது பாதிப் பேருக்கு அதுன்னு செஞ்ச பெரிய ஆய்வு இந்த நோய்ல கெடையாது, நோயே அபூர்வம், ஆளுக்கு எங்க போக. முகத்துக்கட்டி மோஸுக்குப் போகும், முதுகுல தேங்கா சைஸ் கட்டி அகல வெட்டுக்குப் போகும், ரெண்டையும் தராசுல வச்சா தராசு ஒழுங்கா நிக்காது. உயிர் பிழைக்கிற கணக்குல பெரிய வித்தியாசமும் இல்ல, ரெண்டு முறையிலயும் பெரும்பாலான பேரு நல்லாத்தான் இருக்காங்க.

என் அபிப்பிராயம் கேட்டா, முகம், தலை, கழுத்து, விரல், இந்த எடத்துல இருந்தா மோஸ் கெடைக்கிற ஊருக்கு அலைஞ்சாலும் தப்பில்ல. முதுகு, வயிறு, தொடைன்னா அகல வெட்டு போதும், ஆனா டாக்டர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: ஓரத்த முழுசா பாப்பீங்களா, ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி மூடிருவீங்களா. இந்த ரெண்டுக்கும் பதில் சரியா இருந்தா ஆபரேஷன் பேரு என்னவா இருந்தா என்ன. என்னைக் கேட்டா கத்தி புடிக்கிற டாக்டரும் ஸ்லைடு பாக்குற டாக்டரும் போன்ல பேசிக்கிடுற ஆஸ்பத்திரிதான் பெரிய ஆஸ்பத்திரி.

நம்ம பக்கம் மோஸ் இருக்கா?

நாட்டுலயே பெரிய நகரங்கள்ல கொஞ்சம் எடத்துலதான் மோஸ் பழகின தோல் டாக்டருங்க இருக்காங்க. நம்ம ஆளுங்க முதல்ல போறது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிதான், போறது தப்பே இல்ல, பயாப்சி, ஸ்கேன் எல்லாம் அங்க ஆரம்பிக்கலாம். அதுக்கு மேலன்னா மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி, திருவனந்தபுரத்துல ஆர்சிசிங்கிற கேன்சர் ஆஸ்பத்திரி, சென்னைல 1954-ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். எங்க போனாலும் பழைய ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கிட்டுப் போங்க, வெறும் ரிப்போர்ட் பேப்பர் மட்டும் கொண்டு போனா மறுபடி திரும்பி வரச் சொல்லுவாங்க. நாங்க வெள்ளன நாலு மணிக்கு திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுல ஏறி நாகர்கோவில் வடசேரில மாறி மலையாள பூமிக்குப் போனோம், பிளாக்கு ரெண்டும் என் சட்டைப் பைல, வெயில்ல மெழுகு உருகிருமோன்னு கையால பொத்திக்கிட்டே போனேன், அதெல்லாம் உருகாதுன்னு எனக்கே தெரியும்.

அவ்வளவு பெரிய பள்ளத்த எப்படி மூடுவாங்க?

சின்னதுன்னா இழுத்துத் தைச்சுருவாங்க. பெருசுன்னா தொடைல இருந்து தோலை மெல்லிசா சீவி ஒட்டுறது, இல்லன்னா பக்கத்துச் சதையத் திருப்பி மூடுறது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஓரம் சுத்தம்னு தெரியுறதுக்கு முன்னாடி சதையத் திருப்பி மூடிட்டா, பிறவு மூணு மணிப் பக்கம் மிச்சம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா, அந்த மூணு மணி இப்போ எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பாய் முடைஞ்சதுக்குப் பிறவு ஒரு கோரையத் தேடுற கதைதான்.

அத்தானுக்கு ஆறு நாள் திறந்தே வச்சிருந்தாங்க. அக்காவுக்குப் பொறுக்கல, ஆட்டுக்கறி கடை மாதிரி புருஷன் முதுகு கெடக்குன்னு அழுதா. ஆறாம் நாள் ரிப்போர்ட்ல கழுத்துப் பக்கம் ஒரு ஓரத்துல இருக்குன்னு வந்துச்சு, அந்தப் பக்கம் மட்டும் ஒரு விரக்கடை எடுத்தாங்க, அதுக்கு மூணு நாள் காத்திருப்பு, பிறவுதான் தொடைத்தோல் ஒட்டினாங்க. முதல் நாளே மூடியிருந்தா அது உள்ளயே இருந்திருக்கும். தோல் எடுத்த தொடைதான் தோளை விட எரிஞ்சதுன்னு அவரு இன்னைக்கும் சொல்லுதாரு.

முன்னாடியே எடுத்தாச்சு, ரிப்போர்ட்ல மார்ஜின் பாசிட்டிவ்னு போட்டிருக்கு. என்ன செய்ய?

ஓரத்துல நோய் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். கட்டி கையில தட்டுப்படல, பாத்துக்கிடலாம்னு விடாதீங்க, முடிஞ்ச வரைக்கும் மறுபடி எடுக்கணும். ரிப்போர்ட்ல ஃபைப்ரோசார்கோமட்டஸ்னு ஒரு வார்த்தை இருக்கான்னும் பாருங்க, பத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கும், அது கொஞ்சம் மூர்க்கமான வகை, அப்படின்னா நெஞ்சு சிடி ஸ்கேனும் எடுப்பாங்க.

ரேடியேஷன், கீமோ, மாத்திரை எதுவும் கெடையாதா?

வழக்கமான கீமோ இதுக்குப் பெருசா கேக்காது. ரேடியேஷன், மேல எடுக்க முடியாம ஓரத்துல மிச்சம் நிக்கும்போது கொடுப்பாங்க.

மாத்திரைதான் சுவாரஸ்யம். இந்த நோய்ல பெரும்பாலான பேருக்கு கட்டியோட செல்லுக்குள்ள 17-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாத்திக்கிடும், அதனால வளரு வளருன்னு ஒரு சிக்னல் நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த சிக்னல அடைக்கிறது இமாட்டினிப், ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து, 2006-ல அமெரிக்காவுல இந்த நோய்க்கும் அனுமதி கொடுத்தாங்க. எடுக்க முடியாத கட்டி, திரும்பத் திரும்ப வர்ற கட்டி, பரவின கட்டிக்குத்தான் இது, சில நேரம் பெரிய கட்டியச் சுருக்கிட்டு ஆபரேஷன் செய்யவும் கொடுப்பாங்க. சுமாரா பாதிப் பேருக்கு சுருங்குது. குரோமோசோம் மாறாத ஆளுக்கு வேலை செய்யாது, அதனால முதல்ல டெஸ்ட். விலைக்குப் பயப்படாதீங்க, 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் நோவார்ட்டிஸ் கம்பெனிக்கு கிளிவெக் (இமாட்டினிப்புக்கு அவங்க வச்ச பேரு) பேட்டன்ட் கெடையாதுன்னு சொல்லிட்டு, அப்ப கம்பெனி மருந்து மாசம் 1 லட்சத்துக்கு மேல, நம்ம நாட்டு மருந்து அதுல பத்துல ஒரு பங்குக்கும் கீழ.

இந்த குரோமோசோம் மாத்தம் கட்டிக்குள்ள மட்டும்தான், பிள்ளைகளுக்குப் போகாது. கர்ப்பமா இருக்கும்போது கட்டி வேகமா வளரலாம், அத டாக்டர்கிட்ட சொல்லணும்.

களிம்பு போட்டு பொசுக்கி எடுக்குற வைத்தியர் இருக்காரு, மோஸும் முதல்ல அப்படித்தானே செஞ்சாருன்னு ஒருத்தர் சொன்னாரே?

அந்த ஆளு விவரமான ஆளுதான். மோஸ் ஆரம்பத்துல துத்தநாக குளோரைடு பசை தடவினது உண்மை. ஆனா அது சதைய உடம்புல இருக்கும்போதே பதப்படுத்த, பிறவு வெட்டி எடுத்து ஓரம் பூரா மைக்ரோஸ்கோப்ல பாத்தாரு. நம்ம வைத்தியர்கிட்ட மைக்ரோஸ்கோப் இருக்கான்னு கேளுங்க. மேல பொசுக்கி, தோல் மூடி, உள்ள விரல் ஓடுறது தெரியாமப் போயிரும்.

செலவு?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். அட்டை நீங்க போற ஆஸ்பத்திரில, இந்த ஆபரேஷனுக்கு, தோல் ஒட்டுறதுக்கும் சேத்துச் செல்லுமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுன்ட்டர்ல கேட்டுக்கிடுங்க.

எத்தனை நாளைக்கு செக்கப் போகணும்?

முதல் மூணு வருஷம் முக்கியம், திரும்ப வர்றது பெரும்பாலும் அதுக்குள்ளதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போகணும், பிறவு வருஷத்துக்கு ஒண்ணு. அஞ்சு வருஷம் பத்து வருஷம் கழிச்சு வந்ததும் உண்டு, அதனால முழுசா மறந்துர முடியாது. தழும்பைச் சுத்தி வீட்டுல விரலால அமுக்கிப் பாக்கணும், புதுசா பயறு மாதிரி ஏதாவது உருளுதான்னு. எங்க அக்கா ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது பாக்கா, கட்டைவிரலால ஒட்டுத்தோல் ஓரமா ஒரு சுத்து. அவரு நெளிவாரு, ஏட்டி கூசுதுன்னு. கூசுனா நல்லதுதான், அங்க நரம்பு வந்திருக்குன்னு அர்த்தம், முதல் வருஷம் பூரா மரத்துக் கெடந்த எடம்.

மறுபடி லோடு தூக்கலாமா?

டாக்டர் ஆறு மாசம் வேண்டாம்னாரு. இவரு நாலாவது மாசமே மண்டிக்குப் போயிட்டாரு, தூக்கல, தார் எண்ணி சீட்டு எழுதுறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. போன வாரம் நான் போனப்போ சும்மாடு இடது தோள்ல இருந்துச்சு. என்னப் பாத்ததும் எடுத்து வேர்வை தொடைக்கிற மாதிரி தொடைச்சுக்கிட்டாரு.